தோலில் கட்டியும் இருதயத்தில் புற்றும்

(வ. புதுப்பட்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



வயல் வேலையும் மில் வேலையும் முடித்த களைப்போடு இத்தனை பேர், அதிலும் தாய்மார்கள் இவ்வளவு பேர், வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருக்கின்றது. எனக்கு முன் பேசிய தோழர்கள் என்னைப் பற்றி ஏதேதோ அதிகப்படியாகச் சொன்னார்கள். அதை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். நான் டாக்டருமல்ல, பெரிய படிப்புப் படித்தவனுமல்ல. படித்தவர்கள் எழுதியதைத் தேடிப் பார்த்து, என் புத்திக்குச் சரியென்று பட்டதை உங்களிடம் வந்து சொல்லுகிறவன். அவ்வளவுதான்.

நான் மேடைக்கு வரும்பொழுது ஓர் இளைஞர் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார். அதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இருதயத்தில் புற்றுநோய் வருமா? இரண்டு, இருதயத்தில் வந்த புற்று தோலின்மேல் கட்டியாகக் கிளம்புமா? மூன்று, அப்படிப்பட்ட வியாதி வருவதற்கு முற்பிறப்பில் செய்த பாவமும், கட்டிக்கொண்ட பெண்டாட்டியின் ஜாதகமும்தான் காரணம் என்கிறார்களே, அது உண்மையா?

வேறு விஷயம் பேசலாமென்று வந்தேன். ஆனால் இந்தச் சீட்டைப் பார்த்த பிறகு இதைப் பற்றிப் பேசுவதே சரியென்று படுகின்றது. முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை, ஆம் என்பது. மூன்றாவதற்கு விடை, இல்லை என்பது. இந்த மூன்று வார்த்தையோடு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் வெறும் ஆம், இல்லை என்பதை நம்பச் சொல்லுவது ஜோசியனுடைய தொழில். எப்படி ஆம், எதனால் இல்லை என்று காரணம் சொல்லுவதுதான் நம்முடைய வேலை.

நாம் என்ன செய்கிறோம்?

முதலாவதாக, உடம்பில் ஒரு கட்டி கிளம்பினால் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். மருவாயிருந்தால் குதிரை வால்மயிரைக் கட்டுகிறார்கள். அக்கியாயிருந்தால் காவி மண்ணைக் குழைத்து எழுதச் சொல்லுகிறார்கள். சிவந்து தடித்திருந்தால் சுண்ணாம்பையும் மஞ்சளையும் அப்புகிறார்கள். சில இடங்களில் சூடு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அக்கி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடுகின்ற வியாதி. ஆகவே அது ஆறினதற்குப் பேர் காவி மண்ணுக்குப் போய்விடுகின்றது. கோழி கூவினதால் பொழுது விடிந்தது என்பதைப் போன்ற கதைதான் அது.

ஆறாத கட்டி வந்துவிட்டால்தான் சங்கடம். அப்பொழுது கட்டியை விட்டுவிட்டு ஆளைத் தேட ஆரம்பிக்கிறார்கள். யார் செய்த பாவம்? யார் வைத்த செய்வினை? யாருடைய தோஷம்? கடைசியாக அந்தத் தேடல் எங்கே வந்து நிற்கின்றது? பெரும்பாலும் அந்த வீட்டுக்கு வந்த மருமகள் தலையில் வந்து நிற்கின்றது. “இவள் காலடி வைத்த நேரம்” என்கிறார்கள். “செவ்வாய் தோஷத்தை மறைத்துக் கொடுத்துவிட்டார்கள்” என்கிறார்கள். புருஷன் வியாதியில் படுத்திருக்கிறான். அவள் ராத்திரி பகலாகக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இதைவிடக் கொடுமை வேறென்ன இருக்க முடியும்?

நான் சொல்லுவதெல்லாம் இதுதான். ஒரு கட்டி கிளம்பினால் “யார் பாவம்?” என்று கேட்கக்கூடாது. “எங்கிருந்து வந்தது?” என்று கேட்க வேண்டும். முதல் கேள்வி கேட்டால் கிடைப்பது சண்டையும் பரிகாரச் செலவும். இரண்டாவது கேள்வி கேட்டால்தான் உண்மை கிடைக்கும்.

மடையும் வாய்க்காலும்

இருதயம் என்பது என்ன? நம் மார்புக்குள் கைமுட்டி அளவில் இருக்கின்ற ஒரு சதைப் பை. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை அது சுருங்கி விரிகின்றது. சும்மா இருக்கும்பொழுதே ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அது தள்ளுகின்றது.

இந்தச் சாதாரண உண்மை தெரிவதற்கு உலகத்துக்கு எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? காலன் என்ற பழைய கிரேக்க வைத்தியர், இரத்தம் ஈரலில் உண்டாகி உடம்பெங்கும் போய்ச் செலவழிந்துவிடுகின்றது என்று எழுதி வைத்தார். பெரியவர் எழுதியது என்பதற்காகச் சுமார் 1400 வருஷம் அதையே பெரும்பாலோர் படித்தார்கள், அதையே சொல்லிக் கொடுத்தார்கள். 1628இல் வில்லியம் ஹார்வி என்ற இங்கிலீஷ் டாக்டர், இருதயம் ஒரு தடவைக்கு எவ்வளவு தள்ளுகின்றது என்று கணக்குப் போட்டார். அரை மணி நேரத்தில் தள்ளுகின்ற இரத்தம், உடம்பில் இருக்கின்ற மொத்த இரத்தத்தையே தாண்டிவிடுகின்றது. அப்படியானால் புதிது புதிதாக இரத்தம் எங்கிருந்து வரும்? வராது. அதே இரத்தந்தான் சுற்றிச் சுற்றி வருகின்றது என்று காட்டினார். வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கணக்கும், கேட்கின்ற துணிச்சலுந்தான்.

உங்களுக்கு இதை விளங்கச் சொல்லுவது சுலபம். ஏனெனில் நீங்கள் கண்மாய்ப் பாசனக்காரர்கள். கண்மாய்க்கு மடை எப்படியோ அப்படி உடம்புக்கு இருதயம். மடையிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து சின்ன வாய்க்கால், அதிலிருந்து பாத்தி. இருதயத்திலிருந்து பெரிய குழாய், சின்ன குழாய், மயிரைவிட மெல்லிய குழாய். ஆனால் ஒரு வித்தியாசம். பாத்திக்குப் போன தண்ணீர் மடைக்குத் திரும்பாது. உடம்பிலோ திரும்புகின்றது. உடம்பெல்லாம் சுற்றிய இரத்தம் முதலில் இருதயத்தின் வலது மேலறைக்கு வருகின்றது. அங்கிருந்து வலது கீழறைக்கு, அங்கிருந்து நுரையீரலுக்கு. நுரையீரலில் காற்றை வாங்கிக்கொண்டு இடது பக்கத்துக்கு வந்து, மறுபடியும் மூளை, ஈரல், எலும்பு, தோல் எல்லாவற்றுக்கும் போகின்றது. இந்த வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போவதெல்லாம் இந்த வழியில்தான் நடக்கின்றது.

இருதயத்தில் புற்று

புற்று என்பது வெளியிலிருந்து வருகின்ற பூதமல்ல. நம் உடம்பிலுள்ள உயிரணுக்கள் பிரிந்து பிரிந்து பெருகுகின்றன. அப்படிப் பெருகும்பொழுது எங்கேயோ ஒன்றில் பிழை விழுந்து, நில் என்றாலும் நிற்காமல் பெருகிக்கொண்டே போவதற்குத்தான் புற்று என்று பேர். ஆகவே எங்கே உயிரணுக்கள் அதிகமாகப் பிரிகின்றனவோ அங்கே பிழை விழவும் இடம் அதிகம்.

இருதயத்தின் தசையிலோ அணுக்கள் பிரிவது மிகமிகக் குறைவு. 25 வயதில் வருஷத்துக்கு 100க்கு 1 பங்குதான் புதிதாகின்றது, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை என்று 2009இல் சுவீடன் தேசத்து விஞ்ஞானிகள் கண்டார்கள். எதைக் கொண்டு கண்டார்கள் தெரியுமா? வல்லரசுகள் 1963 வரை ஆகாயத்தில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் உண்டான கதிரியக்கக் கரி காற்றில் கலந்து, எல்லார் உடம்பிலும் ஓர் அடையாளத்தைப் போட்டுவிட்டது. மனிதனைக் கொல்லச் செய்த குண்டின் மிச்சத்தைக்கூட, இருதய அணுவின் வயதைக் கணக்குப் பார்க்க உபயோகித்துக்கொண்டார்கள். அதுதான் அறிவின் வேலை.

ஆகவே இருதயத்திலேயே பிறக்கின்ற கட்டி என்பது அபூர்வம். 10,000 சவங்களை அறுத்துப் பார்த்தாலும் மூன்றுக்கு மேல் கிடைப்பதில்லை என்பது பொதுவான கணக்கு. அவற்றிலும் 4இல் 3 பங்கு சாதுவான கட்டிகள். மிச்சமுள்ள ஒரு பங்குதான் புற்று. அந்தப் புற்றுகளுக்குள் பெரியவர்களுக்கு அதிகமாக வருவது ஆஞ்சியோசார்கோமா என்பது. அது இருதயத் தசையில் பிறப்பதல்ல. இரத்தக் குழாய்க்கும் இருதய அறைக்கும் உட்புறத்தில், சுவரை மெழுகினதுபோல் ஒரு மெல்லிய சவ்வு இருக்கின்றது. அந்தச் சவ்வின் அணுக்களில் பிறப்பது. பெரும்பாலும் வலது மேலறையில் பிறக்கின்றது. 30, 40, 50 வயதுக்காரர்களுக்கு, குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்ற வயதில், அதிகம் வருகின்றது.

வந்தவுடன் தெரியாது. கொஞ்சம் மூச்சு வாங்கும், களைப்பு இருக்கும், நெஞ்சு வலிக்கும். வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்ளுவார்கள். பிறகு இருதயத்தைச் சுற்றியுள்ள பையில் இரத்தநீர் கோத்துக்கொண்டு இருதயத்தை நசுக்கும். அப்பொழுதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். அதற்குள் பெரும்பாலோருக்கு அது வேறிடத்துக்குப் பரவியிருக்கும்.

விதையும் நிலமும்

எப்படிப் பரவுகின்றது? மடை வாயிலேயே களை முளைத்து விதை உதிர்த்தால் என்ன ஆகும்? தண்ணீர் பாய்கின்ற இடமெல்லாம் விதை போகும். இருதயப் புற்று அப்படிப்பட்டது. அது இரத்தம் ஓடுகின்ற இடத்திலேயே பிறக்கின்றது. அதிலிருந்து உதிர்கின்ற அணுக்கள், நான் முன்சொன்ன வழியில், வலது பக்கத்திலிருந்து நேராக நுரையீரலுக்குப் போகின்றன. ஆகவேதான் நுரையீரலில் அதிகம் பரவுகின்றது. அங்கே தங்காமல் தப்பியவையும், அங்கே முளைத்து மறுபடி உதிர்ந்தவையும் இடது பக்கம் வந்து ஈரலுக்கும் எலும்புக்கும் மூளைக்கும் போகின்றன. அபூர்வமாகச் சிலருக்குத் தோலுக்கும் போய் அங்கே முளைக்கின்றன. உலகத்து வைத்தியப் பத்திரிகைகளில் ஒன்றொன்றாக எழுதப்படுகின்ற அளவுக்கு அது அபூர்வம்.

அப்படியானால் தண்ணீர் போகின்ற இடத்திலெல்லாம் ஏன் ஒரே மாதிரி முளைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியை 1889இல் லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற டாக்டர் கேட்டார். மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் சவப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்தார். ஈரலில் நிறையப் பரவியிருக்கின்றது, அவ்வளவு இரத்தம் ஓடுகின்ற மண்ணீரலில் அப்படியில்லை. ஆகவே விதை எங்கும் போகின்றது, ஆனால் ஒத்துக்கொள்ளுகின்ற நிலத்தில்தான் முளைக்கின்றது என்றார். நெல் விதைக்கத் தெரிந்த உங்களுக்கு இது ஆச்சரியமல்ல. விதையும் வேண்டும், நிலமும் வேண்டும். இன்றைக்கும் டாக்டர்கள் அதே வார்த்தையைத்தான் உபயோகிக்கிறார்கள். இதில் எங்கேயாவது நவக்கிரகத்துக்கு வேலை இருக்கின்றதா?

தோலில் கிளம்பினால் எப்படியிருக்கும்? சிவப்பாகவோ, ஊதாவாகவோ, கருஞ்சிவப்பாகவோ ஒரு கட்டி அல்லது முடிச்சு. சில சமயம் இரத்தம் கட்டினது போலவே இருக்கும். தொட்டால் இரத்தம் கசியலாம். பெரும்பாலும் வலி இருக்காது. வலியில்லாததால்தான் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். பார்ப்பதற்கு அது தோலின் வியாதி. உண்மையில் அது இருதயம் எழுதிய கடிதம். தோல் அதற்குத் தபால்காரன் மாத்திரமே. தபால்காரனை அடித்துத் துரத்தினால் கடிதத்தில் எழுதியிருப்பது மாறிவிடுமா?

அந்தக் கடிதத்தைப் படிப்பது எப்படி? கட்டியிலிருந்து ஒரு சின்னச் சதைத் துண்டு எடுத்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். இரத்தக் குழாய்ச் சவ்வின் அணுக்களுக்கென்று சில அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டுகின்ற சாயங்கள் இப்பொழுது உண்டு. அந்த அடையாளம் தெரிந்துவிட்டால், இது ஆஞ்சியோசார்கோமா என்று தெரிந்துவிடும். அதோடு நின்றுவிடக் கூடாது. ஏனெனில் அதே புற்று தோலிலேயே பிறப்பதும் உண்டு. வயதானவர்களுக்கு மண்டைத் தோலில் அப்படி வருகின்றது. ஆகவே நல்ல டாக்டராயிருந்தால், இது இங்கேயே பிறந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று கேட்பார். மூச்சு வாங்குகின்றதா என்று கேட்பார். ஒலி அலையைக் கொண்டு இருதயத்தைப் படம் பிடிக்கின்ற எக்கோ பரிசோதனை செய்யச் சொல்லுவார். பிறகு ஸ்கேன். அப்பொழுதுதான் மடை வாயிலுள்ள களை தெரியும்.

கண்ணை உபயோகித்தவர்கள்

இருதயத்தில் கட்டி என்பது 1559 முதல் எழுதப்பட்டிருக்கின்ற விஷயம். இத்தாலி தேசத்து ரியால்டோ கொலம்போ எழுதியிருக்கிறார். ஆனால் அன்று முதல் சுமார் 375 வருஷம், ஆள் செத்த பிறகு அறுத்துப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டார்கள். உயிரோடிருக்கும்பொழுதே முதன்முதல் கண்டுபிடித்தது 1934இல். அமெரிக்காவில் மினசோட்டா மாகாணம் ரோசெஸ்டர் நகரத்தில், மேயோ ஆஸ்பத்திரியில், பார்ன்ஸ் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். அப்பொழுது எக்கோ கிடையாது, ஸ்கேன் கிடையாது. எதைக் கொண்டு கண்டுபிடித்தார்கள்? இருதயத் துடிப்பின் மின்சார வரைபடத்தைப் பார்த்தார்கள். உடம்பில் வேறிடத்தில் பரவியிருந்த கட்டியிலிருந்து சதைத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து யோசித்தார்கள். அவ்வளவுதான். வெளியிலுள்ள கட்டியை, எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார்கள். அது இருதயத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அதே ஊரில் அதற்கு முன்னாலேயே இன்னொருவர் இருந்தார். பேர் சிஸ்டர் மேரி ஜோசப். கன்னியாஸ்திரீ. மேயோ டாக்டருக்கு ரணசிகிச்சையில் கூடமாட நின்று உதவி செய்தவர். டாக்டர் பட்டம் பெற்றவரல்ல. நோயாளியின் வயிற்றைச் சுத்தம் செய்யும்பொழுது, தொப்புளில் கெட்டியான முடிச்சு இருக்கின்றவர்களுக்கு வயிற்றுக்குள் புற்று பரவியிருப்பதைக் கவனித்து டாக்டரிடம் சொன்னார். அவர் 1939இல் இறந்தார். 1949இல் ஹாமில்டன் பெய்லி என்ற டாக்டர் தம்முடைய புஸ்தகத்தில் அந்த முடிச்சுக்கு அந்த அம்மையாரின் பேரையே வைத்தார். இன்றைக்கும் உலகமெங்கும் வைத்திய மாணவர்கள் அந்தப் பேரைப் படிக்கிறார்கள். அந்த அம்மையார் கடவுள் பக்தி உள்ளவர்தான். நான் அதை மறைக்கவில்லை. ஆனால் தொப்புள் முடிச்சைக் கண்டுபிடித்தது அவருடைய ஜெபமாலையல்ல. அவருடைய கண்ணும் கையும் யோசனையுந்தான். ஆகையால், தாய்மார்களே, எனக்கென்ன தெரியும் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். குளிப்பாட்டும்பொழுதும் எண்ணெய் தேய்க்கும்பொழுதும் வீட்டிலுள்ளவர்கள் உடம்பைப் பார்க்கின்றவர்கள் நீங்கள். டாக்டருக்கு முன்னால் பார்க்கின்ற கண் உங்கள் கண்.

பாவத்தின் கதை

இனி மூன்றாவது கேள்வி. இந்த வியாதிக்குப் பாவம் காரணம் என்கிறார்கள். நான் ஒன்று கேட்கிறேன். இரத்தக் குழாய்ச் சவ்வில் பிறக்கின்ற இதே மாதிரிப் புற்று நாய்க்கும் வருகின்றது. மனிதனைவிட நாய்க்கு அதிகமாகவே வருகின்றது. அதுவும் அதே இருதயத்தில், அதே வலது மேலறையில் வருகின்றது. நாய் யாருடைய சொத்தை அபகரித்தது? எந்த ஜாதகத்தை மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டது? நாய்ப் பிறவியே பாவத்தால் வந்ததுதான் என்று சமாதானம் சொல்லுவார்கள். அப்படியானால் எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி வர வேண்டுமே! ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர் முதலிய சில இனங்களுக்கு அதிகம் வருவானேன்? பெற்றோர் வழி வருகின்ற மரபு என்பதுதான் காரணம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கின்ற உங்களுக்கு, நாய்க்கு இனமும் மரபும் உண்டு என்பதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

மனிதரிலும் அப்படிச் சில குடும்பங்கள் உண்டு. 2015இல் ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானிகள், இருதய ஆஞ்சியோசார்கோமா ஒரே குடும்பத்தில் வந்திருப்பதைப் பார்த்து, ‘பி.ஓ.டி. 1’ என்ற மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு என்ன காரணம் என்று கேட்டால், வைத்திய சாஸ்திரம் இன்னும் தெரியவில்லை என்றுதான் சொல்லுகின்றது.

இதைச் சொல்லுவதற்கு நான் வெட்கப்படவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதுதான் யோக்கியமானவன் வேலை. ஜோசியன் என்றைக்காவது, எனக்குத் தெரியாது என்று சொல்லி, வாங்கின தட்சிணையைத் திருப்பிக் கொடுத்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

தெரியாது என்று ஒப்புக்கொண்டு தேடினவர்களுக்குத்தான் பிறகு தெரிய வருகின்றது. இதே இனத்துப் புற்று ஈரலிலும் வருவதுண்டு. 1974இல் அமெரிக்காவில் லூயிவில் நகரத்துப் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில், ஒரே இடத்தில் வேலை செய்த சில தொழிலாளிகளுக்கு இந்த அபூர்வ ஈரல் புற்று வந்ததை அங்கேயிருந்த டாக்டர் கவனித்தார். ஏன் இங்கே மாத்திரம் என்று கேட்டார். நம் தோட்டத்துக்குப் போடுகின்ற பி.வி.சி. குழாய்க்கு மூலப்பொருளான வினைல் குளோரைடு என்ற வாயுவை அவர்கள் தினமும் சுவாசித்ததே காரணம் என்று தெரிந்தது. குழாயிலல்ல, அந்த வாயுவில்தான் ஆபத்து. உடனே அந்த வாயு இவ்வளவுக்கு மேல் காற்றில் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. எத்தனையோ தொழிலாளிகள் பிழைத்தார்கள். அந்த டாக்டர், அவரவர் தலைவிதி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் அதே தொட்டியைக் கழுவிச் செத்திருப்பார்கள்.

தெரிந்து என்ன பிரயோஜனம்?

இங்கே ஒரு தோழர் எழுந்து, “கண்டுபிடித்தாலும் பிழைக்கிறார்களா?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பலாகப் பதில் சொன்னால் நானும் ஒரு மந்திரவாதியாகிவிடுவேன். உண்மையைச் சொல்லுகிறேன். இருதய ஆஞ்சியோசார்கோமா மிகவும் பொல்லாதது. வேறிடத்துக்குப் பரவாமல் இருந்து, ரணசிகிச்சையில் முழுவதும் எடுக்க முடிந்தவர்கள் சற்று அதிக காலம் இருக்கிறார்கள். பரவிவிட்டால், மருந்து கொடுத்தும் பெரும்பாலோர் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோகிறார்கள். கொடுக்கின்ற மருந்துகளில் முக்கியமான ஒன்று இருதயத்தையே பலவீனப்படுத்தக்கூடியது. ஆகவே அளந்து அளந்து கொடுக்க வேண்டியிருக்கின்றது.

பின் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்? சொல்லுகிறேன். இருதயத்தைச் சுற்றியுள்ள நீரை ஊசி போட்டு எடுத்தால் மூச்சுத் திணறல் குறைகின்றது. வலிக்கு மார்பின் முதலிய மருந்துகள் இருக்கின்றன. மிச்சமுள்ள நாளைக் கத்தாமல், திணறாமல் கழிக்கலாம். தன் காலம் இவ்வளவு என்று தெரிந்தவன் கடனைத் தீர்க்கலாம். நிலத்தைப் பெண்டாட்டி பேருக்கு எழுதலாம். பிள்ளைகள் படிப்புக்கு வழி செய்யலாம். தெரியாதவன் என்ன செய்கிறான்? அதே நிலத்தை அடமானம் வைத்துப் பரிகாரம் செய்கிறான். கடைசியில் ஆளும் போய், நிலமும் போய், அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது கடனும் பழியும். இந்த இரண்டு சாவும் ஒன்றா?

மேலும், புற்று வந்தால் சாகத்தானே போகிறார்கள் என்ற எண்ணம் எல்லார் மனதிலும் இருந்த காலம் ஒன்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை புற்றால் இறந்தார். அந்த அம்மையார் விதி என்று உட்கார்ந்துவிடவில்லை. பல வருஷம் பாடுபட்டு 1954இல் அடையாற்றில் 12 படுக்கையோடு ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். டாக்டர் சாந்தா அம்மையார் 1955இல் அதில் சேர்ந்து, 2021இல் இறக்கும் வரையில் அதற்கே உழைத்தார். அன்று சாவு நிச்சயம் என்று சொல்லப்பட்ட குழந்தைகளின் இரத்தப் புற்று இன்று பெரும்பாலும் குணமாகின்றது. குணமாகாது என்று கைவிட்டிருந்தால் அது குணமாகியிருக்குமா? இன்று குணமாகாத இருதயப் புற்றும் அப்படித்தான். ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் கற்றுக்கொண்டுதான் வைத்தியம் முன்னேறுகின்றது.

செய்ய வேண்டியது

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், உடம்பிலுள்ள ஒவ்வொரு பருவையும் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டி முதலிய சாதுக்கள். பயத்தை விற்கிறவன் மந்திரவாதி. நான் பயத்தை விற்க வரவில்லை.

ஆனால் சில விஷயங்களை ஞாபகத்தில் வையுங்கள். புதிதாகக் கிளம்பி, மூன்று நான்கு வாரத்தில் ஆறாமல் வளருகின்ற கட்டி, நிறம் மாறுகின்ற கட்டி, இரத்தம் கசிகின்ற கட்டி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிளம்புகின்ற கட்டி, இவற்றை டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ, உடம்பு இளைத்தாலோ, அதைக் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். கட்டியின்மேல் சூடு போடவோ, காரம் வைக்கவோ விடாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டியை அறுத்து எடுத்தால் அதைக் குப்பையில் போட விடாதீர்கள். “இதைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், பதிலை எழுத்தில் கொடுங்கள்” என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ளுவாரோ என்று பயப்படாதீர்கள். டாக்டரும் மனிதர்தான். அவரையும் கேள்வி கேட்கலாம். பூசாரியிடம் கேட்கக் கூடாத கேள்வியை டாக்டரிடம் கேட்கலாம் என்பதுதான் இரண்டுக்கும் வித்தியாசம்.

எங்கே போவது என்றால், பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கின்றது. 2022 முதல் விருதுநகரிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. அதற்கு மேல் மதுரைப் பெரியாஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவுக்கு உதவும். புண்ணைக் கட்டுகின்ற பேண்டேஜ் துணியைச் சத்திரப்பட்டியில் நெய்து தேசமெங்கும் அனுப்புகின்ற ஜில்லாக்காரர்கள் நாம். ஊரார் புண்ணுக்குத் துணி அனுப்புகிறவர்கள், நம் புண்ணுக்கு மாத்திரம் காவி மண்ணைத் தேடலாமா?

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவில் யாருக்காவது இப்படிப்பட்ட வியாதி வந்து இறந்துபோனால், துக்கம் கேட்கப் போகும்பொழுது அந்தப் பெண்ணிடம் ஜாதகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். யாராவது பேசினால் அங்கேயே எழுந்து, “இது வலது மேலறையில் ஒரு சவ்வில் விழுந்த பிழை. இவள் பிழையல்ல” என்று சொல்லுங்கள். அதைச் சொல்லுவதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. கொஞ்சம் அறிவும் கொஞ்சம் மானமும் இருந்தால் போதும்.

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். படித்தவர்களைக் கேளுங்கள், டாக்டரைக் கேளுங்கள், உங்கள் சொந்த புத்தியைக் கேளுங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.